கண்ணில் களை, காலில் பாலை

(இந்த வாரக் கேள்விகளில் முக்கால்வாசி சர்க்கரை, மூலிகை, ரத்தக்குழாய் பற்றித்தான். எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி போயிருக்கிறது போல. ஆகவே அரசியல், சினிமா கேள்விகளுக்கு அடுத்த வாரம் வரை லீவு.)

சர்க்கரை நோயாளிகளுக்குப் புதிய ரத்தக்குழாய்களை வளர வைக்கும் மூலிகைச் சத்துகள் இருப்பதாகப் படித்தேன். உண்மையா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், மன்னார்குடி

வாட்ஸ்அப்பில் அபூர்வமாக வரும் பாதி உண்மை. ‘வளர வைக்கும்’ என்பது வந்த பாதி. ‘எந்த இடத்தில்’ என்பது வராமல் போன பாதி.

சர்க்கரை நோயின் வேடிக்கை இதுதான். கண்ணின் விழித்திரையில், வேண்டாத இடத்தில், ரத்தக்குழாய்கள் களை மாதிரி முளைக்கும். பாதத்தில் புண் வந்து, குழாய் அவசரமாகத் தேவைப்படும்போது, ஒன்றுகூட முளைக்காது. கண் டாக்டர் லேசரால் சுட்டும் கண்ணுக்குள் ஊசி போட்டும் குழாய்களை அடக்குகிறார். அதே ஆளின் காலைப் பார்க்கும் சர்ஜன், ‘நாலு குழாய் முளைத்தால் விரலைக் காப்பாற்றிவிடலாமே’ என்று உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் முதல் மாடி, இரண்டாம் மாடி.

அதெப்படி சார், ஒரே உடம்பில் இரண்டு நியாயம்?
— அதே தபால்காரர், அடுத்த தபாலில்

விடமாட்டீர்கள்! சரி, உங்கள் இலாகா பாஷையிலேயே சொல்கிறேன்.

திசுவுக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் அது ஒரு மனு எழுதும். எழுதுகிற குமாஸ்தா ‘ஹிஃப்’ என்ற புரதம். ஆக்ஸிஜன் குறைவதை செல் எப்படி மோப்பம் பிடிக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக 2019இல் மூன்று பேருக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்த மனுவின் பெயர் ‘விஇஜிஎஃப்’. டாக்டர்கள் வாயில் இது ‘வெஜ்எஃப்’. (அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் உண்டு.) மனு கிடைத்ததும் பக்கத்துக் குழாயின் உட்சுவரிலிருந்து ஒரு செல் மூக்கை நீட்டும், பின்னால் மற்றவை வரிசையாக வரும், புதுக் கிளை தயார்.

விழித்திரை ஆக்ஸிஜனுக்குப் பேராசைக்காரன். சர்க்கரையால் அங்கே இருக்கிற நுண்குழாய்கள் கெட்டதும் மனுவுக்கு மேல் மனுவாக எழுதித் தள்ளும். குழாயும் வரும், ஆனால் ஒழுகும், உடையும், கண்ணுக்குள் ரத்தம் கசியும்.

பாதத்தில் கதை வேறு. அதிகச் சர்க்கரை சிதையும்போது மெத்தில்கிளையாக்சால் என்றொரு பிசுபிசுப்பான சாமான் உண்டாகிறது. ஹிஃப் ஒரு கூட்டாளிப் புரதத்தோடு சேர்ந்தால்தான் மனுவில் கையெழுத்து விழும். அந்தக் கூட்டாளியின் கையில் இது ஒட்டிக்கொள்கிறது. கையெழுத்து விழுவதில்லை. குழாயை விரித்துக் கொடுக்கும் நைட்ரிக் ஆக்ஸைடும் குறைகிறது. புண்ணில் அழற்சி மட்டும் மாதக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கிறது.

எந்தெந்தச் செடி என்று பட்டியல் போடுங்கள். வாங்கி வைத்துக்கொள்கிறேன்.
— மளிகைக்கடை முதலாளி, விருதுநகர்

மொத்த வியாபாரக் கண்! ஆராய்ச்சிக்கூடங்களில் அடிக்கடி அடிபடும் பெயர்கள்: சீன வைத்தியத்து அஸ்ட்ராகலஸ் வேர், டான்ஷென் வேர், ஜின்செங், நம் சோற்றுக்கற்றாழையில் இருக்கும் பீட்டா-சைட்டோஸ்டெரால், வல்லாரையின் ஆசியாட்டிகோசைட், மஞ்சளின் குர்குமின்.

வாங்கி அடுக்குவதற்கு முன்னால் ஜின்செங் கதையைக் கேட்டுவிடுங்கள். அந்த வேரில் ‘ஆர்ஜி1’ என்ற சத்து ரத்தக்குழாயை வளர்க்கிறது. அதே வேரில் இருக்கும் ‘ஆர்பி1’ வளர்ச்சியைத் தடுக்கிறது. 2004இல் வந்த ஆய்வு இது. எந்த நாட்டு ஜின்செங், எந்த ரகம் என்பதைப் பொறுத்து இரண்டின் விகிதமும் மாறுகிறது. கஷாயம் வைத்தால் மாமியாரும் மருமகளும் ஒரே டம்ளரில் இறங்குவார்கள். உள்ளே யார் கை ஓங்கும் என்று பாக்கெட்டில் எழுதியிருக்காது.

செடியின் பெயரை வைத்து ‘குழாய் வளர்க்கும், வளர்க்காது’ என்று சொல்கிறவரிடம் எந்தச் சத்து, எவ்வளவு, எந்த வழியில் உள்ளே போனது என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவதற்குள் அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

ஒரு இலைச்சாறு ரத்தக்குழாயை வளர்க்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
— பத்தாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

உங்கள் ஊர்ச் சரக்கை வைத்துத்தான், அம்மா! ஆனால் கடை முட்டை உதவாது. அதில் கரு இல்லை. குஞ்சு பொரிக்கிற முட்டை வேண்டும்.

அதை அடைகாக்கும் பெட்டியில் சில நாள் வைத்துவிட்டு, ஓட்டில் தபால்தலை அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டுவார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் மெல்லிய சவ்வு தெரியும். அதன்மேல் ஆலமர வேர் மாதிரி சிவப்புச் சிவப்பாகக் குழாய்கள். குஞ்சு மூச்சுவிடுவது அதன் வழியாகத்தான். சாறு தோய்த்த சிறு வட்டக் காகிதத்தை அந்தச் சவ்வின்மேல் வைத்து, ஜன்னலை டேப் ஒட்டி மூடி, இரண்டு மூன்று நாள் கழித்துத் திறப்பார்கள். காகிதத்தை நோக்கிக் குழாய்கள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஓடி வந்திருந்தால், சரக்கில் விஷயம் இருக்கிறது.

இன்னொரு வழி, பிரசவ வார்டில் தூக்கிப் போடும் தொப்புள்கொடி. அதன் சிரையிலிருந்து உட்சுவர் செல்களைக் கழுவி எடுத்து, ஒரு கூழின்மேல் தூவுவார்கள். சாயங்காலம் தூவினால் காலையில் வந்து பார்க்கும்போது செல்கள் கைகோத்து மீன்வலை மாதிரி நிற்கும். கண்ணி எத்தனை என்று எண்ணி, சாறு ஊற்றிய தட்டையும் ஊற்றாத தட்டையும் ஒப்பிடுவார்கள்.

அப்புறம் எலி. கணையத்தின் இன்சுலின் செல்களைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டு அதற்குச் சர்க்கரை வரவழைப்பார்கள். எலிக்கு ஒரே ஊசியில் வந்துவிடும். நமக்கு வர இருபது வருடம் உட்கார்ந்த உத்தியோகமும் நாலு மணி பஜ்ஜியும் தேவைப்பட்டன. இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. இன்னொன்று: எலியின் தோல் தொளதொளவென்று இருப்பதால், அதன் காயம் பெரும்பாலும் சுருக்குப்பை மாதிரி சுருங்கியே மூடிவிடும். மனிதக் காயம் புதுத் திசு வளர்ந்து நிரம்பவேண்டும். எலிக்கு ஆறியது உங்கள் தாத்தாவுக்கும் ஆறும் என்று எழுதினால் பரீட்சையில் மார்க் குறையும்.

சோற்றுக்கற்றாழை ஜூஸ் தினம் குடிக்கிறேன். காலில் குழாய் வளருமா?
— யோகா ஆசிரியை, கோவை

முட்டைச் சவ்வில் தடவியபோது வளர்ந்தது. நீங்கள் முட்டை இல்லை. ஊற்றுவதும் வயிற்றுக்குள். மடலை வெட்டும்போது கசியும் மஞ்சள் பாலைச் சரியாகக் கழுவாவிட்டால், வேறொரு குழாய்தான் வேகமாகத் திறந்துகொள்ளும்.

மனிதர்களிடம் நிரூபித்த மூலிகை ஒன்றுகூடவா இல்லை? எல்லாம் எலிக் கதைதானா?
— சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை

கோபம் புரிகிறது. ஒன்று இருக்கிறது. கேட்டால் உங்களுக்கு வயிறும் எரியும்.

தைவானில் ஒரு களிம்பு. அதில் இரண்டே செடிகளின் சாறு. ஒன்று வல்லாரை. மற்றது கற்பூரவல்லி. ஆமாம், பால்கனித் தொட்டியில் நிற்கிற, சளிக்குப் பஜ்ஜி போட்டுச் சாப்பிடுகிற அதே கற்பூரவல்லிதான். சர்க்கரைப் புண்ணோடு இருந்த 236 பேரைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தக் களிம்பு, மறு பாதிக்கு ஈரம் உறிஞ்சும் நவீனக் கட்டு என்று 16 வாரம் பார்த்தார்கள். களிம்பு போட்டவர்களில் 60.7 சதவீதம் பேருக்குப் புண் முழுதாக மூடியது. கட்டு மட்டும் போட்டவர்களில் 35.1 சதவீதம். 2021இல் முடிவு வெளியானது. அதே வருடம் தைவான் அரசு அதை மருந்தாக அங்கீகரித்தது.

இதில் நான் ரசித்த இடம் வேறு. இந்தக் களிம்பு நேராகக் குழாய்க்கு உரம் போடவில்லை. புண்ணில் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளைச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் சண்டைக்கார அணி, கொத்தனார் அணி என்று இரண்டு உண்டு. சாதாரணக் காயத்தில் நாலைந்து நாளில் சண்டைக்காரர்கள் விலகி, கொத்தனார்கள் வேலையை எடுத்துக்கொள்வார்கள். சர்க்கரைப் புண்ணில் சண்டைக்காரர்கள் இடத்தைக் காலி பண்ணுவதேயில்லை. களிம்பு அவர்களைக் கிளப்பிவிடுகிறது. கொத்தனார் வந்தால் குழாயும் தோலும் பின்னால் வரும். ரத்தக்குழாய் ஆராய்ச்சிக்காரர்கள் வெஜ்எஃப்பையே கட்டிக்கொண்டு அழுத இடத்தில், இது பக்கவாட்டில் நுழைந்து காரியத்தை முடித்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். காலுக்கு ரத்தம் ஓரளவு ஒழுங்காகப் போகிறவர்களைத்தான் சேர்த்தார்கள். பெரிய குழாயே அடைத்துப்போன காலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அப்படியானால் எங்கள் தொட்டிக் கற்பூரவல்லியை அரைத்து அப்பாவின் புண்ணில் வைக்கலாம்தானே?
— இல்லத்தரசி, திருச்சி

கூடாது. கூடவே கூடாது.

தைவான்காரர்கள் போட்டது இலை இல்லை. இலையிலிருந்து பிரித்து, அளந்து, சுத்தப்படுத்திய ஒரு பகுதி. உங்கள் தொட்டி இலையில் மண் உண்டு, மாட்டெரு உண்டு, அதில் குடியிருக்கும் கிருமிகள் உண்டு. அம்மிக்கும் மிக்ஸிக்கும் அவற்றைக் கொல்லத் தெரியாது.

என் பெரியப்பா கதையைச் சொல்கிறேன். காவிரிக்கரைக் கிராமம், பதினெட்டு வருடச் சர்க்கரை. செருப்புக்குள் ஒரு சின்ன ஆணி. மூன்று நாள் அதன்மேலேயே நடந்திருக்கிறார். வலி தெரியவில்லை. நான்காம் நாள் வெள்ளை வேட்டியில் கறை பார்த்துப் பெரியம்மாதான் கண்டுபிடித்தாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்துக் கட்டினார்கள். தினமும் புதுசாக, கனமாக, பத்து நாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டிரெஸ்ஸிங் அறையில் நர்ஸ் அரை மணி நேரம் மஞ்சளைத்தான் கழுவினார். மஞ்சள் பூசிய தோலில் சிவப்பு தெரியாது, கறுப்பும் தெரியாது. கழுவி முடித்தபோது கறுப்பு இரண்டு விரல்வரை போயிருந்தது. இரண்டையும் எடுத்தார்கள்.

மஞ்சள் விரலைக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. பத்து நாளைக் கெடுத்தது.

மஞ்சளைக் குறை சொல்கிறீர்களே! அமெரிக்காக்காரன் அதற்குக் காப்புரிமை வாங்கப் பார்த்தது தெரியாதா?
— தேசபக்தர் என்று மட்டும் கையெழுத்து, ஈரோடு

மஞ்சள் மண்டிக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள், சூடு இருக்கத்தான் செய்யும். வாங்கப் பார்த்தது என்ன, வாங்கியே விட்டான். 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம், மஞ்சள்பொடி காயத்தை ஆற்றும் என்பதற்குக் காப்புரிமை பெற்றது. நம் சிஎஸ்ஐஆர் பழைய நூல்களை எடுத்துக்கொண்டு போய் ‘இது எங்கள் பாட்டிகளுக்கே தெரியும்’ என்று வாதாட, 1997இல் ரத்து.

ஜெயித்தது நம் பாட்டி. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று: குர்குமின் புற்றுக்கட்டியில் ரத்தக்குழாயைத் தடுக்கிறது, சர்க்கரை எலியின் காயத்தில் வளர்க்கிறது. இடத்துக்குத் தகுந்த வேஷம். வாய்வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சேருவதும் சொற்பம். 1998இல் பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. மஞ்சள்பாலில் மிளகு தட்டிப் போட்ட கைக்கு ஒரு கும்பிடு. மிளகுச் சத்தை மாத்திரையாக விழுங்குகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது வேறு மருந்துகளையும் இப்படித்தான் கூட்டிவிடும்.

தோல் ஆராய்ச்சி நிலையத்தில் மூலிகை ஆராய்ச்சி நடந்ததாமே? ஷூவுக்கும் வல்லாரைக்கும் என்ன சம்பந்தம்?
— தோல் ஷாப்பு தொழிலாளி, வாணியம்பாடி

உங்களுக்கே தெரிந்த சம்பந்தம்தான். தொட்டியில் தோலை ஊறப்போட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஏன் போட்டார்கள்? தோலின் கொலாஜனைத் துவர்ப்பு இறுக்கிப் பிடிக்கும் என்பதால். காயம் ஆறும்போது உடம்பு நெய்வதும் அதே கொலாஜனைத்தான். செத்த தோலைப் படித்தவர்களுக்கு உயிருள்ள தோலைப் படிக்க ஆசை வந்தது, அவ்வளவுதான். சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1996இல் வல்லாரை, 2002இல் கடுக்காய் என்று எலிக் காயங்களில் ஆய்வுகள் வந்தன. இரண்டிலும் காயம் சீக்கிரம் மூடியது. தைவான் களிம்புக்குக் கால் நூற்றாண்டு முன்பே வல்லாரை நம் அடையாற்றில் இருந்தது. எலியிலிருந்து மனிதனுக்குப் போகப் பணமும் பொறுமையும் வேண்டும். பாளையங்கோட்டைத் தம்பியின் வயிற்றெரிச்சலில் எனக்கும் பங்குண்டு.

ரத்தக்குழாயை வளர்த்தால் புற்றுநோயும் வளராதா?
— நர்சிங் மாணவி, வேலூர்

சபாஷ். இந்த வாரத்தின் முதல் பரிசுக் கேள்வி. (பரிசு கிடையாது.)

கட்டி வளர ரத்தக்குழாய் வேண்டும், குழாயை அடைத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். அந்தக் கதவை மறுபக்கத்திலிருந்து திறக்கிறவர்களுக்கு அதே பயம் உண்டு. சர்க்கரைப் புண்ணுக்கென்று 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெகாப்ளெர்மின் ஜெல், செல்களை வளரச் சொல்லும் ஒரு புரதம். மூன்று டியூபோ அதற்கு மேலோ பூசியவர்களில் புற்றுநோய்ச் சாவு கூடியதோ என்ற சந்தேகத்தில் 2008இல் அதன் அட்டைமேல் கறுப்புக்கட்ட எச்சரிக்கை ஏறியது. பிறகு சந்தேகம் தணிந்து, எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். புண்ணின்மேல் மட்டும் பூசுவதற்கே இவ்வளவு பயம் என்றால், குழாய் வளர்க்கும் சத்தை மாத்திரையாக உடம்பெல்லாம் அனுப்புவதற்கு எவ்வளவு யோசிக்க வேண்டும்!

எனக்குக் கண்ணில் மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள். காலுக்கு ‘ரத்த ஓட்டம் பெருக்கும்’ கேப்ஸ்யூல் ஒன்றைத் தம்பி மலேசியாவிலிருந்து வாங்கி வந்தான். சாப்பிடலாமா?
— பெயர் வேண்டாம், காரைக்குடி

ஒரு கையால் களை பிடுங்கி, மறு கையால் யூரியா தூவுவானேன்? டப்பாவை எடுத்துக்கொண்டு போய் கண் டாக்டரிடமே காட்டுங்கள். தம்பிக்கு அல்வா வாங்கிக் கொடுத்து… வேண்டாம், வீட்டில் சர்க்கரை இருக்கிறது, சுண்டல் போதும்.

இங்கிலீஷ் மருந்து முழுக்க கெமிக்கல். மூலிகையில் சைடு எஃபெக்டே கிடையாது. மறுக்க முடியுமா?
— இயற்கை ஆர்வலர், சேலம்

சர்க்கரைக்காரர்கள் காலையும் இரவும் விழுங்குகிற மெட்ஃபார்மினின் பாட்டி ஒரு செடி. கலேகா என்ற ஐரோப்பியச் செடி. மேய்ந்த ஆடுகள் செத்ததுண்டு. அதன் சத்தைப் பார்த்து, விஷம் குறைந்த ஒரு பங்காளியை ரசாயனக்கூடத்தில் செய்து, 1957இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர் மனிதர்களிடம் பயன்படுத்தியதை வெளியிட்டார். மூலிகை உங்களைக் காப்பாற்றுவது கெமிக்கல் வேஷத்தில்.

மறுபக்கமும் கேளுங்கள். பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஏதாவது ஒன்று இருந்தது. மூலிகை வேஷத்தில் கெமிக்கல்.

மருந்தே இல்லாமல் புதுக் குழாய் வளர்க்க வழி உண்டா?
— பஸ் கண்டக்டர், திண்டுக்கல்

உண்டு. நடை. வேலை செய்கிற தசை ஆக்ஸிஜன் கேட்கும், கேட்ட தசையில் நுண்குழாய் கூடும். காலில் அடைப்பு உள்ளவர்களுக்கு டாக்டர்களே சொல்லிக்கொடுக்கும் முறை: கெண்டைக்கால் வலிக்கும்வரை நட, நில், வலி போனதும் மறுபடி நட. பாதத்தில் புண் இருந்தால் மட்டும் நடை கூடாது. அப்போது பாரத்தை இறக்குவதுதான் முதல் மருந்து.

நுண்குழாய் என்றதும் ஞாபகம் வருகிறவர் டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோ. தசையில் நுண்குழாய்கள் தேவைக்குத் தகுந்தபடி திறந்து மூடுவதைக் காட்டியதற்கு 1920இல் நோபல். அவர் மனைவி மேரி ஒரு டாக்டர். அவருக்குச் சர்க்கரை வந்தது. 1922இல் இருவரும் அமெரிக்கா போனபோது க்ரோ டொராண்டோவுக்குப் போய், அப்போதுதான் கண்டுபிடித்திருந்த இன்சுலினைத் தயாரிக்கும் அனுமதியோடு ஊர் திரும்பினார். டென்மார்க் இன்றைக்கும் உலகத்துக்கு இன்சுலின் விற்கிறது. நுண்குழாயும் சர்க்கரையும் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணிய கதை.

பழனி பாதயாத்திரைக்கு வேண்டுதல். சர்க்கரை உண்டு, பாதத்தில் மரமரப்பும் உண்டு. செருப்பு போட்டால் முருகன் கோபிப்பாரா?
— மில் தொழிலாளி, ராஜபாளையம்

மயில்மேல் போகிறவருக்கு உங்கள் செருப்பைப் பற்றி என்ன கவலை? மரமரப்பு உள்ள பாதத்துக்கு வெயிலில் காய்ந்த பிரகாரக் கல் தோசைக்கல். கொப்புளம் வந்ததே தெரியாது. எம்சிஆர் செருப்பு என்று கேளுங்கள், மெத்தென்று இருக்கும், ஆணி அடிக்காத செருப்பு. கல் சூட்டில் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் விடியற்காலை தரிசனம்.

எனக்குக் காலில் புண்ணே இல்லை. இந்த வாரம் முழுக்க இதையே எழுதிக் கொன்றுவிட்டீர்களே?
— வாசகர், சென்னை-33

நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் சுமார் 10 கோடி என்று 2023இல் வந்த ஐசிஎம்ஆர் கணக்கு சொல்கிறது. அதில் நீங்கள் இல்லை என்றால் மகிழ்ச்சி. பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

வாசகர்களுக்கு: சென்ற வாரம் மூன்று பேர் கேள்வியோடு புண்ணின் படத்தையும் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. மூன்று படத்திலும் புண்ணைச் சுற்றிச் சிவந்திருக்கிறது. இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த அன்றைக்கே மூன்று பேரும் காலைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள் பூசாமல் போங்கள்.